249 கிராம் ட்ரோனும் ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகரும்

கேள்வி இதுதான். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் ஒருவர் 249 கிராம் எடையுள்ள கேமரா ட்ரோனைப் பறக்கவிட்டிருக்கிறார். குடும்பத்தோடு மணலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, "யாரைக் கேட்டு எங்களைப் படம் எடுக்கிற?" என்று சத்தம் போட்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற ஒரு பையன் அடித்து வீழ்த்தக் கல்லையே எடுத்துவிட்டான். ரோந்து வந்த காவலர் இறக்கச் சொல்ல, இவரும் இறக்கிவிட்டார். "250 கிராமுக்குள் இருந்தால் எந்த அனுமதியும் வேண்டாம் என்றுதானே சட்டம்? யார் பக்கம் நியாயம்? அடுத்ததாகக் கொஞ்சம் பெரிய ட்ரோன் ஒன்றை சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனிடம் சொல்லி வாங்கி வரச் சொல்லலாமா?" என்று கேட்கிறார்.

சுருக்கமாகச் சொன்னால், சட்டத்தை நீங்கள் பாதிதான் படித்திருக்கிறீர்கள். பெரியவர் கேட்டது சரி, கேட்ட விதம் சரியில்லை. கல்லை எடுத்த பையன் செய்யப் பார்த்தது குற்றம். காவலர் சொன்னதும் இறக்கினீர்களே, அது நல்ல காரியம். இனி விரிவாகப் பார்ப்போம்.

முதலில் சட்டம். இது சலிப்பான பகுதிதான், சீக்கிரம் கடந்துவிடலாம். இப்போது நடப்பில் இருப்பவை 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள். 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால், இப்படிப் போகிறது பிரிவு. நானோ என்பதால் உங்களுக்குக் கிடைக்கும் சலுகை மூன்றே மூன்று: பைலட் சான்றிதழ் வேண்டாம், அந்த மாடலுக்கு வகைச் சான்றிதழ் (மாடல் தகுதியானது என்று தரப்படும் சான்று) வேண்டாம், மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமில்லை. விமானப் போக்குவரத்துத் துறையின் இணையதளம் வழியாக வாங்க வேண்டிய பதிவெண் நானோவுக்கும் உண்டு. கட்டணம் நூறு ரூபாய்தான். "250 கிராமுக்குள்ளே இருந்தால் ஒண்ணும் வேண்டாம்" என்று ரிச்சி தெருவில் ட்ரோன் விற்பவர் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர்கள் இந்த ஊரில் ஏராளம்.

எங்கே பறக்கலாம் என்பதில் எடைச் சலுகை எதுவுமே இல்லை. இதைத்தான் பலரும் தவற விடுகிறார்கள். விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள் மண்டலம், அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி இல்லாமல் ஒரு அடிகூட எழும்பக் கூடாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்குள் பறக்கலாம். அதற்கும் அப்பால் 400 அடி. இவை இரண்டும் பச்சை மண்டலம். சிவப்பு மண்டலம் என்றால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். மீனம்பாக்கத்தை நடுவில் வைத்துக்கொண்டு இதைப் போட்டுப் பாருங்கள். ஆலந்தூர், கிண்டி, வேளச்சேரி, போரூர், பல்லாவரம், குரோம்பேட்டை, தி.நகர் எல்லாமே உள்வட்டத்துக்குள் வந்துவிடும். போதாததற்குத் தாம்பரத்தில் விமானப்படைத் தளம், பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி, மெரினாவின் வடகோடியில் ஐஎன்எஸ் அடையாறு, அதற்கு அந்தப் பக்கம் கோட்டையும் துறைமுகமும். சென்னையின் ட்ரோன் வரைபடத்தில் பச்சையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெசன்ட் நகர் அந்த 8 கிலோமீட்டர் கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே கிடக்கிறது. அவ்வளவு ஒட்டிக் கிடக்கும் இடத்தில் மனக்கணக்கு போடக் கூடாது. பறக்கவிடும் அன்றைக்கே டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தைத் திறந்து, நிற்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள்.

"நானோ என்றால் 50 அடி வரை போகலாம்" என்று இன்னமும் ஒரு கணக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. அது 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பழைய ஏற்பாடு. 2021-க்குப் பிறகு அந்தக் கணக்கு செல்லாது.

சரி, நீங்கள் பதிவெண் வாங்கிவிட்டீர்கள், வரைபடத்தில் பச்சை, உயரம் 150 அடி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஞாயிறு மாலை எலியட்ஸில் பறக்கவிட்டது சரியா? என் பதில், இல்லை. ஏன் என்று சொல்ல, அந்த 250 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். நம் ஆட்கள் பலருக்கும் தெரியாத, ஆனால் ரொம்பச் சுவாரசியமான கதை அது.

2015-இல் அமெரிக்காவில், எந்த எடைக்கு மேல் ட்ரோன்களைப் பதிவு செய்யச் சொல்லலாம் என்று முடிவெடுக்க ஒரு பணிக்குழு அமைத்தார்கள். அவர்கள் தலைகீழாகக் கணக்குப் போட்டார்கள். ஒரு பொருள் தலையில் விழும்போது 80 ஜூல் ஆற்றல் இருந்தால் உயிர் போகும் வாய்ப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம். ட்ரோன் கீழே விழும்போது நொடிக்கு 25 மீட்டர் வேகத்தை எட்டும் என்று வைத்துக்கொண்டால், 80 ஜூலுக்கு வரும் எடை ஏறக்குறைய 250 கிராம். அதாவது 250 கிராம் ட்ரோன் விழுந்தால் ஒன்றும் ஆகாது என்பதற்காக அந்த எண்ணை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. விழுந்தால் ஆபத்துதான், ஆனால் விழும் இடத்தில் சரியாக ஒரு ஆளின் தலை இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதே அந்தக் கணக்கின் உயிர்நாடி.

அந்த வாய்ப்பை எப்படிக் குறைத்தார்கள்? மக்கள் அடர்த்தி சதுர மைலுக்கு 10,000 பேர் என்று வைத்தார்கள். நம் அளவில் சொன்னால் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 3,900 பேர். அதிலும் ஐந்தில் ஒருவர்தான் வெட்டவெளியில் இருப்பார், மற்ற நான்கு பேர் கூரைக்குக் கீழேயோ காருக்குள்ளேயோ இருப்பார்கள் என்று வைத்தார்கள். இப்போது நம் ஊருக்கு வாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தின் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 26,553. அது ஊர் முழுவதற்குமான சராசரி. ஞாயிறு மாலை கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்துக்கும் நடைபாதைக்கும் நடுவே உள்ள மணலை மட்டும் எடுத்தால் எவ்வளவு வரும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அங்கே கூரை என்று பார்த்தால் சுண்டல் வண்டியின் தார்ப்பாய்தான். ஐந்துக்கு ஐந்து பேரும் வெட்டவெளியில். அந்தக் கணக்கைப் போட்டவர்களிடமே இந்தக் காட்சியைக் காட்டினால் 250-ஐ அடித்துவிட்டு வேறு எண் எழுதியிருப்பார்கள்.

80 ஜூல் என்றால் எவ்வளவு என்று புரியாவிட்டால் இப்படிப் பாருங்கள்: 160 கிராம் கிரிக்கெட் பந்து மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அதில் இருப்பது அதே 80 ஜூல்தான். மீடியம் பேஸ். ஹெல்மெட் இல்லாமல், பந்து வருவதே தெரியாமல், குனிந்து மாங்காய் பத்தை தின்றுகொண்டிருக்கும் ஒருவரின் உச்சந்தலைக்கு மேலிருந்து வருகிறது. ட்ரோனின் உடல் மெல்லிய பிளாஸ்டிக், மோதும்போது நொறுங்கிக் கொஞ்சம் ஆற்றலைத் தானே வாங்கிக்கொள்ளும், உண்மைதான். பேட்டரி நொறுங்காது. எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுதான்.

மற்ற நாடுகளும் இதை உணர்ந்துதான் எடையோடு நிறுத்தவில்லை. ஐரோப்பிய விதிப்படி 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோன் சம்பந்தமில்லாத ஓரிருவருக்கு மேலே பறந்தால் பொறுத்துக்கொள்வார்கள், கூட்டத்துக்கு மேல் பறக்க மட்டும் எந்த எடைக்கும் அனுமதி இல்லை. கூட்டம் என்றால் எத்தனை பேர் என்று எண்ணிக்கை சொல்லவில்லை அவர்கள். நெருக்கத்தால் ஆட்கள் விலகி ஓட முடியாத இடம் எதுவோ அது கூட்டம். இந்த வரையறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் அன்று மாட வீதியில் நிற்பவர் "தலைக்கு மேல் விழுது" என்று பார்த்தாலும் எங்கே விலகுவார்? அங்கே பறக்கும் ட்ரோன் விழுந்தால் அடிபடுவது ஒருவர், அந்தச் சலசலப்பில் மிதிபடுவது பத்துப் பேராக இருக்கலாம். அமெரிக்காவில் தொழில்முறையில் ஆட்களுக்கு மேல் பறக்கும் மிகச் சிறிய பிரிவு ட்ரோனுக்கு, எடை 0.55 பவுண்டுக்குள் (அதே 250 கிராம்தான்) இருந்தால் மட்டும் போதாது, தோலைக் கிழிக்கும்படி சுழலும் விசிறி வெளியே தெரியவும் கூடாது.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. உங்கள் 249 கிராம் ட்ரோனுக்கு அக்கறையாக விசிறிக் காப்பு வாங்கி மாட்டினீர்கள் என்றால் எடை 250-ஐத் தாண்டிவிடும். நம் விதிப்படி அது உடனே மைக்ரோ. வகைச் சான்றிதழ், காப்பீடு எல்லாம் வந்து நிற்கும். ஆபத்தைக் குறைத்தவருக்குச் சுமை கூடுகிறது, குறைக்காதவருக்குச் சலுகை. எடையை மட்டும் பார்க்கும் சட்டத்தின் ஓட்டை இது. திருத்தப்பட வேண்டியது என்பது என் கருத்து.

"என் ட்ரோன் ஏன் விழப்போகிறது? இத்தனை நாளாக விழவில்லையே" என்று நீங்கள் கேட்கலாம். சென்னையில் விழ வைப்பதற்கென்றே சில சங்கதிகள் உண்டு.

முதலாவது காற்று. ஜூன், ஜூலை காலைகளில் தரையிலிருந்து கடலை நோக்கி மேற்குக் காற்று அடிக்கும். மதியவாக்கில் கடற்காற்று உள்ளே நுழைந்ததும் திசை மாறும். காலையில் கரையில் நின்று ட்ரோனைக் கடல் பக்கம் அனுப்பினால் காற்று பின்னாலிருந்து தள்ள, வெண்ணெயில் இறங்கிய கத்தியாகப் போகும். பேட்டரி பாதி இருக்கும்போது திரும்பச் சொன்னால்தான் சிக்கல் தெரியும். இந்த வகை ட்ரோன்கள் சாதாரண முறையில் நொடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகம் போகும். 200 அடி உயரத்தில் எதிர்க்காற்றும் 10 மீட்டர் என்றால் ட்ரோன் முழு மூச்சாகப் பறந்துகொண்டே அதே இடத்தில் நிற்கும். மணலில் நிற்கும் உங்களுக்கு முகத்தில் மெல்லிய காற்றுதான் பட்டுக்கொண்டிருக்கும், மேலே நடப்பது தெரியாது. இப்படி மாட்டினால் செய்ய வேண்டியது, பதறாமல் உயரத்தைக் குறைப்பது. கீழே காற்று குறைவு. ஆனால் கீழே ஆட்கள் நிறைந்திருந்தால் அதையும் செய்ய முடியாது, பார்த்தீர்களா?

இரண்டாவது மாஞ்சா, அதாவது கண்ணாடித் தூள் தடவிய பட்ட நூல். காசிமேடு, ராயபுரம், வியாசர்பாடி பக்கம் மொட்டை மாடியிலிருந்து ட்ரோன் பறக்கவிடுபவர்கள் இதை மறக்கவே கூடாது. தடை இருந்தும் கழுத்தறுபட்டு இருசக்கர வாகன ஓட்டிகள் விழுவது நிற்கவில்லை. அந்த நூல் கேமராவில் தெரியாது, தடை உணரும் சென்சாருக்கும் தெரியாது. ஒரு விசிறியில் சுற்றினால் நான்கு விசிறி ட்ரோனுக்கு மிச்சம் மூன்றை வைத்துக்கொண்டு சமாளிக்க வழியில்லை, கல் மாதிரி இறங்கும்.

மூன்றாவது காக்கையும் பருந்தும். அடையாறு முகத்துவாரத்தில் உடைந்த பாலத்தைப் படம் பிடிக்காத ட்ரோன்காரர் இந்த ஊரில் இல்லை. பருந்துகளும் அங்கேதான் வட்டமிடும். பருந்து மேலிருந்து பாயும், அதனால் அது நெருங்கினால் ட்ரோனைச் சட்டென்று மேலே ஏற்றுங்கள், பெரும்பாலும் விலகிவிடும். முட்டையிட்டுக் கூடு காக்கும் பருவத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மொட்டை மாடியில் இன்னொரு தொல்லை உண்டு. தளத்துக்குள் ஓடும் கம்பியும் தண்ணீர்த் தொட்டியின் இரும்பும் ட்ரோனின் காந்தத் திசைகாட்டியைக் குழப்பும். எழும்பியதும் தானாக வட்டமடித்துக்கொண்டு போய் எதிர்வீட்டுச் சுவரில் மோதுவது இதனால்தான். அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு வைஃபை, பலதும் 2.4 கிகாஹெர்ட்ஸ், உங்கள் ரிமோட்டும் பெரும்பாலும் அதிலேயே. "ரிட்டர்ன் டு ஹோம்" இருக்கிறதே என்று நம்பியிருப்பவர்கள் அதில் வைத்திருக்கும் உயரம் எவ்வளவு என்று ஒருமுறை பாருங்கள். அது அந்த உயரத்துக்கு ஏறி நேர்கோட்டில் திரும்பும். நடுவில் செல்போன் கோபுரம் இருந்தால் கோபுரம் நகராது. முட்டுக்காட்டில் படகிலிருந்து கிளப்பியவர்களுக்கு அது பத்திரமாக, படகு முன்பு இருந்த தண்ணீருக்கே திரும்பி வரும்.

கண்ணுக்கெட்டிய தூரத்துக்குள்தான் பறக்க வேண்டும் என்ற விதியை நம்மவர்கள் கேலி செய்வார்கள், பத்து கிலோமீட்டர் வரை சிக்னல் கிடைக்கும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறதே என்று. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் பாலிசேட்ஸ் காட்டுத்தீயின்போது ஒருவர் கார் நிறுத்தும் கட்டடத்தின் மாடியிலிருந்து ட்ரோனை விட்டார். இரண்டரை கிலோமீட்டர் போனதும் அது கண்ணிலிருந்து மறைந்தது. அந்த நேரம் பார்த்து, கடல்நீரை அள்ளித் தீயில் ஊற்றிக்கொண்டிருந்த விமானத்தின் இடது இறக்கையில் போய் மோதியது. சுமார் 8 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் அளவில் ஓட்டை. யாருக்கும் அடியில்லை, ஆனால் ஊர் எரிந்துகொண்டிருக்கும்போது ஒரு தீயணைப்பு விமானம் பழுதுபார்க்கப் போய் நின்றது. திரையில் தெரிவது கேமரா பார்க்கும் திசை மட்டும்தான், பக்கவாட்டில் வருவது எதுவும் தெரியாது. மீனம்பாக்கத்தில் கடல் பக்கமிருந்து இறங்கும் விமானம் வழக்கமான மூன்று டிகிரி சரிவில் வந்தால், ஓடுபாதைக்கு 4 கிலோமீட்டர் இருக்கும்போது அதன் உயரம் ஏறக்குறைய 210 மீட்டர். கிண்டி மொட்டை மாடியிலிருந்து "சும்மா ஒரு நிமிஷம்" ஏற்றினாலும் எட்டிவிடும் உயரம் அது. இதில் பேசி முடிவெடுக்க எதுவுமே இல்லை.

இப்போது பெரியவரின் கோபத்துக்கு வருவோம். அவர் பயந்தது தலையில் விழும் என்று அல்ல, கேமராவுக்கு.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் அவர் பயம் அதிகப்படி. உங்கள் ட்ரோனின் லென்ஸ் அகலமானது. 60 மீட்டர் உயரத்திலிருந்து நேர்கீழே பார்த்தால் படத்தின் அகலத்தில் கிட்டத்தட்ட 90 மீட்டர் அடங்கும். நான்கு கே வீடியோவில் ஒரு முகத்துக்கு ஏழெட்டுப் புள்ளிகள்தான் கிடைக்கும். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியாது. கையில் செல்போனோடு நடைபாதையில் போகும் நூறு பேரும் அவருடைய குடும்பத்தை உங்களைவிடத் தெளிவாகப் படம் எடுக்க முடியும். அதே ட்ரோன் 10 மீட்டரில் நின்றால் நாற்பது புள்ளிகள். அப்போது முகம் நன்றாகவே தெரியும்.

ஆனால் இந்தக் கணக்கு அவருக்கு எப்படித் தெரியும்? செல்போன் என்றால் யார் எடுக்கிறார், எந்தப் பக்கம் நீட்டுகிறார் என்று கண்ணால் பார்க்கலாம், "தம்பி, இந்தப் பக்கம் எடுக்காதப்பா" என்று சொல்லலாம். ட்ரோன் மேலே நின்று ரீங்காரமிடுகிறது, எதைப் பார்க்கிறது, ஓட்டுபவர் எங்கே, பதிவு ஆகிறதா, எதுவும் தெரியாது. கேட்க ஆளே தெரியாத நிலையில்தான் கோபம் வருகிறது. மொட்டை மாடிகளில் இது இன்னும் மோசம். இந்த ஊரில் மொட்டை மாடி பாதி வீடு. துணி காயப்போட, வடாம் பிழிய, கரண்ட் போன இரவில் பாய் விரிக்க, நைட்டியோடு நின்று அக்கம்பக்கத்தில் பேச. சுற்றுச்சுவர் மறைத்தால் போதும் என்றுதான் அந்த இடம் இத்தனை காலம் இருந்தது. மேலிருந்து ஒரு கண் வரும் என்று யாரும் கட்டவில்லை. நீங்கள் சூரிய உதயத்தை எடுக்கத்தான் போனீர்கள் என்றாலும், நாலு மாடி தாண்டித்தானே போனீர்கள்?

சட்டம் இங்கே முழுக் கை கொடுக்காது. ஒருவரின் அந்தரங்க உறுப்பை அனுமதியின்றிப் படம் எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். தனிமையில் இருக்கும் பெண்ணை ஒளிந்து பார்ப்பது, படம் பிடிப்பது பாரதிய நியாய சம்ஹிதாவின் 77-வது பிரிவில் வரும். 2017 புட்டசாமி தீர்ப்பில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் பொதுக் கடற்கரையில் ஆயிரம் பேர் புள்ளியாகத் தெரியும் ஒரு காட்சியை எடுத்தால் அது மட்டுமே குற்றமாகாது. குற்றம் இல்லை என்பதால் கேட்டவரிடம் "சட்டத்தைக் காட்டு" என்று நிற்பதில் என்ன பயன்? இறக்கி, திரையைக் காட்டி, "இதுதான் எடுத்தேன், வேண்டாம் என்றால் உங்கள் முன்னாலேயே அழித்துவிடுகிறேன்" என்றால் பத்தில் எட்டுப் பேர் "சரி சரி, குழந்தைக்கும் காட்டுங்க" என்பார்கள்.

கல் விஷயம். பிறர் பொருளை உடைப்பது குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அடிபட்ட ட்ரோன் எங்கே விழும்? கல்லே எங்கே விழும்? விழக்கூடும் என்று பயந்து, கண்டிப்பாக விழ வைப்பது என்ன புத்தி?

ட்ரோனையே ஊருக்குள் தடை செய்துவிட வேண்டும் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் தெரிந்தது என்று சுமார் ஆயிரம் விமானங்கள் ரத்தாகவோ திருப்பிவிடப்படவோ செய்தன. கிட்டத்தட்ட 1,40,000 பயணிகள் தவித்தார்கள். இன்றுவரை அந்த ட்ரோனும் கிடைக்கவில்லை, விட்டவரும் கிடைக்கவில்லை. பீதி தானாகவே வளரும். இன்னொரு பக்கம், குரோம்பேட்டை எம்ஐடி மாணவர்களின் தக்ஷா அணி 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கியது. அப்படிப்பட்டவர்கள் எல்லாம் எங்கோ ஒரு மைதானத்தில் எதையாவது பறக்கவிட்டுத்தான் தொடங்கியிருப்பார்கள். மாநில அரசே ட்ரோனுக்கென்று தனிக் கழகம் நடத்துகிறது. பழகுவதற்கு ஊருக்கு ரெண்டு இடம் ஒதுக்காமல், போகிற இடமெல்லாம் விரட்டினால் பையன்கள் இருட்டில் மொட்டை மாடிக்குத்தான் போவார்கள். ரிமோட் விமானக் குழுக்களில் பழகியவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: தரையில் ஒரு கோடு, ஓட்டுபவரும் பார்ப்பவரும் இந்தப் பக்கம், விமானம் அந்தப் பக்கம், கோட்டைத் தாண்டி ஆட்களின் தலைக்கு மேல் வரவே கூடாது. ட்ரோன்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. பெட்டியைப் பிரித்த அரை மணி நேரத்தில் பறந்துவிடுகிறது, அதுதான் கோளாறு.

காவலர் சொன்னால் முதலில் இறக்குங்கள், பேச்சு அப்புறம். தலைவர்கள் வருகை, குடியரசு தின ஒத்திகை என்று நகரக் காவல்துறை அடிக்கடி தடை போடும். காவல் கண்காணிப்பாளர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி ஒருவர் 96 மணி நேரம் வரை ஓரிடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க விதியிலேயே இடமுண்டு. 2023 ஜூன் முதல் சென்னைக் காவல்துறைக்கே தனி ட்ரோன் பிரிவு இருக்கிறது, கடற்கரையிலும் பறக்கிறது. அவர்களுடையதோடு உங்களுடையது மோதினால் யார் எழுதித் தருவது? பதிவெண்ணைக் கைபேசியில் வைத்திருங்கள், அமைதியாகக் காட்டுங்கள். விதிமீறலுக்கு ஒரு லட்சம் வரை அபராதம் போகலாம். உயிருக்கோ பிறர் பாதுகாப்புக்கோ ஆபத்து வரும்படி அசட்டையாக நடந்தால் நியாய சம்ஹிதாவின் 125-வது பிரிவு தனி.

பறவைகள், ஆமைகள் பற்றி ரெண்டு வரி. பள்ளிக்கரணை 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம், பூநாரைக் கூட்டத்தின் மேல் ட்ரோனை ஓட்டி அவை எழும்புவதை எடுப்பது அழகான படம், அசிங்கமான வேலை. ஜனவரி முதல் மார்ச் வரை பெசன்ட் நகர், நீலாங்கரைக் கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். இரவில் விளக்கோடு ட்ரோன் வேண்டவே வேண்டாம். மாமல்லபுரம் போகலாம் என்று நினைத்தால், தொல்லியல் துறையின் முன் அனுமதி இல்லாமல் சின்னங்களை ட்ரோனால் படமெடுக்க முடியாது. பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம் வேறு.

பிறகு எங்கேதான் போவது? கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் பக்கம், இரண்டு விமானத் தளங்களின் வட்டத்துக்கும் வெளியே. வார நாள், காலை ஆறு மணி. வலைகளும் படகுகளும் இருக்கும் இடத்தை விட்டுத் தள்ளி, முதலில் அங்கிருக்கும் மீனவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. அவர் காற்றைப் பற்றிச் சொல்வது வானிலைச் செயலியைவிடச் சரியாக இருக்கும். கூட ஒருவரை அழைத்துப் போங்கள், நீங்கள் திரையைப் பார்க்கும்போது அவர் வானத்தைப் பார்க்கட்டும். பேட்டரி பாதிக்கு வந்ததும் திரும்புங்கள். கடற்கரையில் பறக்கவிட்ட அன்றே மோட்டார்களின் உப்புப் பிசுக்கைத் துடைத்துவிடுங்கள். எலியட்ஸ்தான் வேண்டும் என்றால் அதுவும் விடியற்காலையில், வரைபடம் அனுமதித்தால், தண்ணீர்ப் பக்கமாக. காலை நடைக்காரர்கள் வரத் தொடங்கியதும் மூட்டை கட்டிவிடுங்கள்.

கடைசியாக, சிங்கப்பூர் அண்ணன். வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோனை முழுதாகவோ பிரித்தோ இறக்குமதி செய்வதற்குத் தடை உள்ளது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில காரியங்களுக்கு மட்டும் விலக்கு, உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. சுங்க அறிவிப்புப் படிவத்தில் ட்ரோன் என்று தனியாகவே ஒரு வரி இருக்கிறது. மறைத்தால் பறிமுதல், சொன்னாலும் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். எப்படியோ வெளியே கொண்டுவந்தாலும் 250 கிராமுக்கு மேல் போனால் வகைச் சான்றிதழ் கேட்பார்கள், அது இல்லாமல் பதிவெண் கிடைக்காது. அந்தப் பணத்தில் ரசீதோடு கிடைக்கும் உள்நாட்டு நானோ ஒன்றும் இரண்டு உபரி பேட்டரியும் வாங்கலாம். இப்போது வைத்திருக்கும் ட்ரோனுக்கு ரசீது இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.